தப்பான விடைக்கு வக்கீல்

ஜனவரி 9

நாத்தனாருக்கு,

கவர்ல என் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் சுளிச்சிருப்ப. நல்லா சுளிச்சுக்கோ. அப்புறம் முழுசாப் படி.

போன்ல என் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்க, அதான் உன் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதறேன். உங்க அண்ணனுக்கும் எனக்கும் எல்லாம் முடிஞ்சாச்சு, இன்னும் என்ன அண்ணி, நாத்தனார்னு கேட்ப. உறவு கொண்டாட வரலைம்மா. உன்னால எனக்கு ஆக வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதப் போறேன். மே மாசம். இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிடும். சிரிக்கிறியா? நீ அதே தேர்வுக்குப் படிச்சப்போ நான் சிரிக்கலை. ஒரு கையில கரண்டி, இன்னொரு கையில உன் விடைத்தாள்னு ரெண்டு வருஷம் அடுப்படியில நின்னேன். நீ மேடை மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு காலை ஆட்டிக்கிட்டே விடை சொல்லுவ. தப்பாச் சொன்னா சரியான விடையை நான் உடனே சொல்லிடமாட்டேன். "தப்பான விடைக்கு நீயே வக்கீலா இரு, அதுதான் சரின்னு வாதாடு பார்க்கலாம்"னு சொல்லுவேன். நீ வாதாடுவ. பாதி வாதத்துல உனக்கே ஓட்டை தெரிஞ்சு, "ஐயோ அண்ணி!"ன்னு தலையில அடிச்சுப்ப. அப்படித்தான் நீ வக்கீலான.

ஆகி என்ன பண்ணின? போன வருஷம் கோர்ட்ல உங்க அண்ணனுக்காக வந்து நின்னு, அதே வித்தையை என் மேலயே காட்டின. "காய்ச்சல்ல கிடந்த மூணு வயசுக் குழந்தையைத் தனியா வீட்ல வச்சுப் பூட்டிட்டுப் போனீங்களா? ஆமாவா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க." நான் ஆமான்னேன். மேல பேச விடலை. என் பொண்ணு, நம்ம வாலு, உங்க வீட்டுக்குப் போயிட்டா. எனக்கு மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை பிச்சை போட்டிருக்கீங்க.

அதனால இப்போ உன் முறை. நான் தப்பு விட்ட கேள்விகளை அனுப்பறேன். எனக்கு அண்ணியா இருந்து கேளு. மறைக்காமச் சொல்லிடறேன், படிச்சு முடிச்சு உன் எதிர்ல வந்து நிக்கத்தான் படிக்கிறேன்.

முதல் கேள்வி. ஒரு தெருவுல வேகத்தடை போட்டாங்க, விபத்து குறைஞ்சுது, அதனால வேகத்தடைதான் காரணம். இந்த வாதத்தை எது பலவீனமாக்கும்? "வேகத்தடையால் பலருக்கு முதுகுவலி வந்தது"ன்னு போட்டேன். தப்பாம்.

உன் முன்னாள் அண்ணி

 

ஜனவரி 17

அம்மணி,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்குப் பாடம் நடத்தும் கடமை எதுவும் எனக்கு இல்லை. வழக்கு முடிந்துவிட்டது. தீர்ப்பு சட்டப்படி வந்தது. அதில் குறை இருந்தால் தங்கள் வக்கீல் மூலமாக மனு போடலாம்.

இனி எதுவாக இருந்தாலும் எழுத்தில் மட்டும் அனுப்பவும். ஞாயிற்றுக்கிழமை குழந்தையை விட வரும்போது வாசலில் நின்று என்னிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். வாய்ப்பேச்சை நான் ஏற்பதில்லை. எழுத்துதான் நிற்கும்.

தேர்வு எழுதுவது தங்கள் விருப்பம். நாள் முழுக்கப் பல் டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்து, அடுத்தது யாரென்று கூப்பிட்டுக்கொண்டிருப்பவர் இந்த வயதில் அதற்கு ஆசைப்படுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

பி.கு. முதுகுவலிக்கும் விபத்துக்கும் என்ன சம்பந்தம்? கேள்வி வேகத்தடை நல்லதா கெட்டதா என்பதல்ல. விபத்து குறைந்ததற்கு அதுதான் காரணமா என்பது மட்டுமே. "அதே மாதம் பக்கத்தில் பாலம் திறந்ததால் அந்தத் தெருவில் வண்டிகளே குறைந்தன" என்று ஒரு விடை இருந்திருக்குமே, அதுதான் சரி. முதுகுவலிக்காரனைப் பார்த்துப் பாவப்பட்டு டிக் அடித்திருக்கிறீர்கள். இதற்கு மேல் எழுத எனக்கு நேரமில்லை.

வழக்கறிஞர்

 

பிப்ரவரி 6

அடியே வழக்கறிஞர்,

"நேரமில்லை"ன்னு எழுதிட்டு, கடிதத்தை விடப் பின்குறிப்பைப் பெருசா எழுதியிருக்க. தப்பான விடையைப் பார்த்தா உனக்குக் கை சும்மா இருக்காதுன்னு தெரிஞ்சுதான் அனுப்பினேன்.

ஆமா, கிளினிக்தான். உள்ள டாக்டர் மிஷினை வச்சு ஒருத்தர் பல்லைக் குடைஞ்சுக்கிட்டிருப்பார், அந்தச் சத்தத்துல வெளிய உட்கார்ந்திருக்கிறவங்க முகமெல்லாம் வெளிறிப் போயிருக்கும். நான் மட்டும் கணினிக்குப் பின்னாடி கேள்வித்தாளை வச்சுக்கிட்டு நிம்மதியாப் படிப்பேன். பல் வலியோட வர்றவங்க யாரும் வாயாடமாட்டாங்க. படிக்க இதை விட நல்ல இடம் கிடையாது.

அடுத்த தப்பு. ஒரு ஊர்ல சட்டம், வாடகைக்கு இருக்கிறவர் காலி பண்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி சொல்லணும். ஒருத்தர் சொல்லாமலேயே போயிட்டார். வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரலை. இதுல இருந்து எதை உறுதியாச் சொல்லலாம்? "வீட்டுக்காரர் ஏமாத்துப் பேர்வழி"ன்னு போட்டேன். நீயே சொல்லு, எந்த வீட்டுக்காரர் நல்லவரா இருந்திருக்கார்?

போன ஞாயிறு வாலு வந்தா. ஷூ சின்னதாகிக் கட்டை விரல் சிவந்திருக்கு. "அத்தைகிட்ட சொல்லலையா?"ன்னு கேட்டேன். "அத்தை அழுதுக்கிட்டிருந்தாங்க, அதான் சொல்லலை"ன்னா. நீதிபதி தேர்வுல ரெண்டாவது தடவையும் போச்சாமே? கேட்டதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், அன்னைக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நீ ஏன் தோக்கறன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அண்ணி

 

பிப்ரவரி 14

உங்களுக்கு வெட்கமே இல்லையா? குழந்தையிடம் என் வீட்டு விஷயத்தைத் துருவித் துருவிக் கேட்கிறீர்கள். ஷூ வாங்கியாயிற்று. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் தப்பு என்னவென்று சொல்கிறேன், காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். கேள்வியில் இல்லாததை நீங்கள் வெளியிலிருந்து கொண்டு வருகிறீர்கள். அந்த வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரா என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை. அட்வான்ஸைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் இல்லை. வாடகைக்காரர் விதியை மீறினார், அது மட்டும்தான் உறுதி. உங்களுக்குப் பிடிக்காத ஆளைப் பார்த்தால் தண்டனை கொடுத்துவிடுகிறீர்கள். கோபத்தில் படிக்கிறீர்கள். இப்படியே போனால் நூறு கேள்வியில் நாற்பது போய்விடும்.

கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லப் பழகுங்க. கேட்டதை மட்டும் கேட்கவும் பழகுங்க.

அப்புறம், நான் ஏன் தோத்தேன்னு உங்களுக்குத் தெரியும்னு எழுதியிருக்கீங்களே. சும்மா வாய்ச்சவடால். தெரிஞ்சா சொல்லுங்க பார்ப்போம். ஏப்ரல்ல மறுபடியும் எழுதறேன். சொல்ல முடியலைன்னா இனிமே எனக்கு எழுத வேண்டாம்.

 

மார்ச் 3

வக்கீலம்மா,

வந்துட்டியா பேச்சு மொழிக்கு! அம்மணி, தாங்கள் எல்லாம் எங்க போச்சு?

நீ சொன்னது ரொம்பச் சரி. வயித்தெரிச்சலா இருக்கு, ஆனா சரி. போன வாரம் ஒரு பழைய தாளை எடுத்து, பிடிக்காத ஆள் வந்த கேள்விக்கெல்லாம் பென்சிலைக் கீழ வச்சுட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு அப்புறம் டிக் பண்ணினேன். நாப்பதுக்குப் பதிலா பதினாறுதான் போச்சு. நல்லா சொல்லித் தர்ற. கோர்ட்ல உன்னைப் பார்க்கிறப்போ நன்றி சொல்றேன்.

பதிலுக்கு உன் தப்பு. நீ முதல் வரியைப் படிப்ப, கடைசி வரியைப் படிப்ப, நடுவுல படிக்கமாட்ட. அன்னைக்கும் அப்படித்தான். நான் பத்தியை வாசிச்சு முடிக்கறதுக்குள்ள, "புரிஞ்சுது புரிஞ்சுது, கேள்வியைச் சொல்லுங்க"ன்னு பறப்ப. அப்போ உன்னைப் பிடிச்சு நிறுத்த நான் இருந்தேன். இப்போ யார் இருக்கா? நீதிபதி தேர்வுல பத்திப் பத்தியாக் குடுக்கிறாங்களாமே. விஷயம் பூரா நடுவுலதான் இருக்கும்.

நம்பலைன்னா இதைப் பாரு. நானே எழுதின கேள்வி.

ஒரு குடோனுக்கு ஒரே ஒரு காவலாளி. ஒருநாள் அவர் கேட்டைப் பூட்டிட்டு முக்கால் மணி நேரம் வெளிய போயிட்டார். முதலாளி முக்கியமான பத்திரத்துல கையெழுத்துப் போடப் போன இடத்துல, மூக்குக்கண்ணாடியை குடோன்லயே வச்சுட்டு வந்தது தெரிஞ்சு, "உடனே எடுத்துட்டு வா, இல்லைன்னா என் வாழ்க்கையே போச்சு"ன்னு போன் பண்ணினார். வேற ஆள் இல்லை. காவலாளி எடுத்துட்டு ஓடிக் குடுத்துட்டு வந்தார். குடோன்ல ஒண்ணும் காணாமப் போகலை. கொஞ்ச வருஷம் கழிச்சு அந்த முதலாளியே ஒரு விசாரணையில, காவலாளி கேட்டை விட்டுட்டுப் போனார்னு மட்டும் சொல்லி வேலையை விட்டு எடுக்க வச்சார். எது சரி? அ. காவலாளி பொறுப்பில்லாதவர். ஆ. முதலாளி விசாரணையில் உண்மையை மறைத்தார். இ. குடோனுக்கு இன்னொரு காவலாளி தேவை. ஈ. எதுவும் சொல்ல முடியாது.

நடுவையும் சேர்த்துப் படிச்சு எழுது பார்க்கலாம். உன்னால முடியாது.

அண்ணி

 

மார்ச் 10

அண்ணி,

முடியாதா? எண்ணி நாலு தடவை படிச்சேன், ஒவ்வொரு வார்த்தையா. இதோ, உங்க அடுப்படி முறையிலேயே எழுதறேன். தப்பான விடைக்கு நானே வக்கீல்.

அ-வுக்காக வாதாடறேன். கனம் நீதிபதி அவர்களே, காவலாளியின் வேலை கேட்டில் நிற்பது. அவர் நிற்கவில்லை. எனவே பொறுப்பில்லாதவர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓட்டை எங்கே? போகச் சொன்னதே முதலாளி. அவர் சொல்லித்தான் போனார், அவருக்காகத்தான் போனார். அதை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் சொல்றவன் வாதாடலை, திருடறான். இ, ஈ ரெண்டும் சும்மா ஆள் ஏமாத்தற விடை. சரியான விடை ஆ. அந்த முதலாளி என் முன்னாடி சாட்சிக் கூண்டுல நின்னா, ஒரே கேள்வியில உரிச்சுத் தொங்க விட்டிருப்பேன்: "போன் பண்ணிக் கூப்பிட்டது நீங்களா?"

போதுமா? நடுவுல படிக்கமாட்டேனாம்! இந்தாங்க, கையெழுத்தும் ஆபீஸ் சீலும் போட்டே அனுப்பறேன், கிளினிக் சுவத்துல மாட்டி வச்சுக்குங்க.

ஒண்ணு ஒத்துக்கறேன். பழைய தேர்வுத்தாளை எடுத்துப் பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரிதான், தப்பு விட்டதெல்லாம் நடு. இது வரைக்கும் ஒருத்தரும் சொல்லலை. இந்தத் தடவை பார்த்துக்கறேன்.

நாத்தனார்

 

மார்ச் 18

அடிப்பாவி.

நாலு தடவை படிச்சும் உனக்குத் தெரியலையா?

நான் இந்தக் கேள்வியை எழுதறப்போ, ரெண்டாவது வரியிலேயே நீ கண்டுபிடிச்சுக் கிழிச்சுப் போட்டுடுவன்னு நினைச்சேன். நீ சீல் குத்தி அனுப்பியிருக்க. உன் கடிதத்தைக் கையில வச்சுக்கிட்டு கிளினிக்ல அப்படியே உட்கார்ந்துட்டேன். ஒரு அம்மா வந்து, "என்னம்மா, உனக்கும் பல் வலியா?"ன்னு கேட்டாங்க.

மூக்குக்கண்ணாடி இல்லைடி. ஹால் டிக்கெட். குடோன் இல்லை, நம்ம வீடு. உன் சட்டக் கல்லூரித் தேர்வு அன்னைக்குக் காலையில ஹால் டிக்கெட்டை ஃபிரிட்ஜ் மேல வச்சுட்டுப் போயிட்ட. தேர்வு நடக்கிற ஸ்கூல் கேட்ல இருந்து போன் பண்ணின. "அண்ணி, உடனே எடுத்துட்டு வாங்க, இல்லைன்னா என் வாழ்க்கையே போச்சு." உங்க அண்ணன் வேலைக்குப் போயாச்சு, உங்க அம்மா ஊர்ல இல்லை. வாலு மருந்து குடிச்சுட்டு அப்போதான் கண் அசந்திருந்தா. நான் கதவைப் பூட்டிட்டு, காலுல ஒரு செருப்பு என்னோடது, ஒரு செருப்பு உன்னோடது மாட்டிக்கிட்டு ஓடினேன். நீ உள்ள போன. நான் திரும்பி வர்றதுக்குள்ள அவ முழிச்சு அழுது, பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் கேட்டுடுச்சு. அன்னைக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. அஞ்சு வருஷம் கழிச்சு நீ சொன்ன.

நான் "ஆமா, ஆனா"ன்னு ஆரம்பிச்சேன். "ஆனா எல்லாம் வேண்டாம்"ன்ன.

ஜூலையில என் மறுபரிசீலனை மனு வருது. என் வக்கீல் சொல்றார், புதுசா ஏதாவது இருந்தாத்தான் நிக்குமாம். குடோன் கதையெல்லாம் கோர்ட்டுக்கு ஆகாதுன்னு எனக்கும் தெரியும். அதனால கேட்டதை மட்டும் கேட்கறேன். நீ சொல்லித் தந்ததுதான்.

அன்னைக்கு எனக்குப் போன் பண்ணிக் கூப்பிட்டது நீயா? ஆமாவா இல்லையா, அது மட்டும் சொல்லு.

பதில் வரலைன்னாலும் பரவாயில்லை. படிச்சு முடிச்சு, கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு, ஊர் பார்க்க நேர்லயே கேட்கறேன். நீ வக்கீலா நின்னாலும் சரி, நீதிபதியா உட்கார்ந்தாலும் சரி.

 

மே 21

நாத்தனாருக்கு,

ரெண்டு மாசமா உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்லை. பரவாயில்லை, நானே எழுதறேன்.

தேர்வு எழுதிட்டேன். நாலாவது பத்தி ஒரு மாமியார், மருமகள் வழக்கு. படிக்கப் படிக்க எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பென்சிலைக் கீழ வச்சேன், தண்ணி குடிச்சேன், கேட்டதுக்கு மட்டும் பதில் போட்டேன். மாமியார் பக்கம்தான் சரியான விடை. பல்லைக் கடிச்சுக்கிட்டு டிக் பண்ணினேன்.

நீயும் நீதிபதி எழுத்துத் தேர்வுல பாஸாம். நேர்முகம் அடுத்த மாசமாம். வாலு சொன்னா, உங்க வீட்ல ஒரே கொண்டாட்டமாம். நடுவுல படிச்சிருக்க. எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா நீ மேல ஏற ஏற என் கேள்வி பெருசாகும்.

இன்னும் பதில் வரலை.

 

ஜூன் 4

ஆமா, என் தேர்வு அன்னைக்கு நான்தான் போன் பண்ணி உங்களை வரச் சொன்னேன்.

ஆனா அண்ணி, முழுசாக் கேளுங்க. அது என் முதல் பெரிய வழக்கு. அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, குழந்தை இல்லாம என்னால இருக்க முடியாதுன்னு அழுதார். நான் வேற வக்கீலைப் பார்க்கச் சொன்னேன், அம்மா கேட்கலை. அந்தக் கேள்வியை நான் எழுதி வச்சுக் கேட்கலை. நீங்க நல்லாப் பதில் சொல்லிக்கிட்டே வந்தீங்க, தோத்துடுவேனோன்னு பயம், வாயில வந்துடுச்சு. கேட்ட அந்த நிமிஷம் எனக்கு ஹால் டிக்கெட் ஞாபகமே இல்லை, சத்தியமா. நீங்க "ஆனா"ன்னதும்தான் ஞாபகம் வந்தது. அப்போ நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை. ஜெயிச்சுக்கிட்டிருந்தேன்.

வாலு தூங்கறப்போ உங்க பழைய துப்பட்டாவைச் சுத்திக்கிட்டுத்தான் தூங்கறா. நான் அதைத் துவைக்கப் போட்டதுக்கு ரெண்டு நாள் என்கூடப் பேசலை. உங்க கையால நான் நிறைய சாப்பிட்டிருக்கேன் அண்ணி, மறக்கலை. நேர்முகம் முடியட்டும், அண்ணன்கிட்ட நானே பேசி வாரா வாரம் அவளை அனுப்ப ஏற்பாடு பண்றேன். வெறும் வாய்ப்பேச்சுன்னு நீங்க நினைக்கக் கூடாதுன்னுதான் கையெழுத்தும் சீலும் போட்டே எழுதறேன். அது வரைக்கும் இந்த விஷயத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகாதீங்க. இந்த நேரத்துல இது வெளிய வந்தா என் வாழ்க்கையே போச்சு.

மேலே எழுதியது உண்மை என்று உறுதி கூறுகிறேன்.

கையெழுத்து, சீல்
வழக்கறிஞர்

 

ஜூன் 11

நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைச்சுது. எனக்குச் சட்டக் கல்லூரியில சீட்டும் கிடைச்சாச்சு, ரெண்டும் ஒரே வாரத்துல.

படிச்சேன். முதல் வரி, கடைசி வரி மட்டும் இல்லை, பூராவும் படிச்சேன். நடுவுல படிக்கிறவ நான். துப்பட்டா வந்த இடத்தை ரெண்டு தடவை படிச்சேன். "என் வாழ்க்கையே போச்சு"ன்னு வந்த இடத்துல எழுந்துட்டேன். இதே வார்த்தைக்குத்தான் அன்னைக்கு ஓடி வந்தேன். ஒரு தடவை போதும்.

கிளினிக்ல பஞ்சு வெட்டற கத்தரிக்கோல் இருக்கு, நல்ல கூர். உன் கடிதத்துல முதல் வரியை வெட்டி எடுத்தேன். "மேலே எழுதியது உண்மை"ங்கிற வரியையும் அதுக்குக் கீழ உன் கையெழுத்தையும் சீலையும் வெட்டி எடுத்தேன். ரெண்டையும் ஒரு வெள்ளைத் தாள்ல ஒட்டினேன். பார்க்க ரொம்ப அழகா இருக்கு, நீ படிக்கிற மாதிரியே. நேத்து என் வக்கீல்கிட்ட குடுத்துட்டேன்.

நடுப் பகுதி எனக்கு வேண்டாம். இந்தக் கவர்லயே திருப்பி அனுப்பியிருக்கேன், பத்திரமா வச்சுக்கோ. நடுவுல என்ன இருந்ததுன்னு கோர்ட்ல கண்டிப்பாக் கேட்பாங்க. கூண்டுல ஏறி நீயே சொல்லு. உங்க அண்ணன், உங்க அம்மா, பயம், எல்லாத்தையும் சொல்லு.

சொல்லி முடிக்க விடறாங்களான்னு பார்க்கலாம்.

அண்ணி